கடற்பாசி கார்பனை எங்கிருந்து எடுக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒளிச்சேர்க்கை என்றதும் இலை, காற்று, கரியமில வாயு என்றுதான் நினைவுக்கு வரும். கடற்பாசி நீருக்குள் வாழ்கிறது. அங்கே கார்பன் ஏராளமாக இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி அதற்கு உடனே பயன்படாத வடிவில் இருக்கிறது. கீழே உள்ள கேள்விகளில் முக்கால்வாசி இந்த ஒரு சிக்கலிலிருந்து வருபவைதான்.

கடற்பாசிக்கு வேர் இருக்கிறதே, அது வழியாகக் கார்பனை உறிஞ்சாதா?

அடியில் வேர் போலத் தெரிவது பாறையைப் பற்றிக்கொள்ளும் உறுப்பு மட்டுமே. ஊட்டத்தை உறிஞ்சுவது அதன் வேலை இல்லை. நீரில் படும் பரப்பு முழுவதுமே உறிஞ்சும் பரப்பு. இலைத்துளை கிடையாது, எனவே திறந்து மூடும் வசதியும் கிடையாது. கார்பன், நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் ஒரே மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். உல்வா போன்ற பாசிகளில் இலை மொத்தமும் இரண்டே செல் அடுக்குதான். ஒவ்வொரு செல்லும் ஒரு பக்கம் கடல்நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

கடல்நீரில் கார்பன் எந்தெந்த வடிவில் இருக்கிறது?

கனிமக் கார்பனை மட்டும் பார்ப்போம். கரியமில வாயு நீரில் கரைந்ததும் ஒரு பகுதி கார்பானிக் அமிலமாகி, அது ஹைட்ரஜன் அயனியை இழந்து பைகார்பனேட் ஆகிறது. பைகார்பனேட் இன்னொரு ஹைட்ரஜன் அயனியை இழந்தால் கார்பனேட். எது எவ்வளவு இருக்கும் என்பதைப் பெரும்பாலும் நீரின் அமில-கார அளவான பிஹெச் தீர்மானிக்கிறது (எண் ஏறினால் காரம், இறங்கினால் அமிலம்). வெப்பமும் உப்பும் கொஞ்சம் மாற்றும்.

இன்றைய கடலின் மேல்மட்டத்தில் பிஹெச் சுமார் 8.1. அந்த நிலையில் மொத்தக் கனிமக் கார்பனில் ஏறக்குறைய 86 முதல் 90 சதவீதம் பைகார்பனேட். மீதியில் பெரும்பகுதி கார்பனேட். கரியமில வாயுவாகவே இருப்பது 1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு.

1 சதவீதம் என்றால் நடைமுறையில் எவ்வளவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா வடிவமும் சேர்த்து சுமார் 2 மில்லிமோல் கனிமக் கார்பன் இருக்கும் (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு, ஒரு மில்லிமோல் 1,000 மைக்ரோமோல்). எடையில் அது 24 மில்லிகிராம் கார்பன். அதே லிட்டரில், 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், காற்றோடு சமநிலையில் இருக்கும் கரியமில வாயு சுமார் 12 மைக்ரோமோல். அதிலுள்ள கார்பன் 0.14 மில்லிகிராம்தான்.

கடற்பாசியின் உலர் எடையில் கார்பன் சுமார் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் உலர் எடை கூட 300 மில்லிகிராம் கார்பன் வேண்டும். எல்லா வடிவத்தையும் எடுக்க முடிந்தால் 12 அல்லது 13 லிட்டர் நீரில் உள்ள கார்பன் போதும். கரைந்த வாயுவை மட்டும் எடுக்கத் தெரிந்த பாசியாக இருந்தால் 2,000 லிட்டருக்கு மேல் வேண்டும். உண்மையில் வாயு குறையக் குறைய பைகார்பனேட்டிலிருந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும், எனவே நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஆனால் அந்த மாற்றம் தானாக நடந்தால் மெதுவாகத்தான் நடக்கும். பல விநாடிகள் தொடங்கி ஒரு நிமிடம் வரை ஆகிவிடும். நல்ல வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்யும் செல்லுக்கு இந்த வேகம் போதாது.

காற்றிலும் கரியமில வாயு குறைவுதானே? நிலத்துச் செடிகள் எப்படிச் சமாளிக்கின்றன?

கேட்க வேண்டிய கேள்விதான். காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) என்பதை லிட்டர் கணக்கில் மாற்றினால் 17 மைக்ரோமோல் வரும். கடல்நீரின் 12 மைக்ரோமோலுக்கு அது ஒன்றும் பெரிய தூரமில்லை. குளிர்ந்த கடலில் வாயு அதிகம் கரையும், 0 டிகிரிக்கு அருகில் 25 மைக்ரோமோலைத் தாண்டிவிடும். அங்கே காற்றைவிடக் கடலில்தான் அதிகம்!

அப்படியானால் சிக்கல் அளவில் இல்லை, வேகத்தில். நீருக்குள் கரியமில வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. பாசியின் மேற்பரப்பை ஒட்டி எப்போதும் அசைவற்ற ஒரு மெல்லிய நீரடுக்கு இருக்கும். அது அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால், வாயு மூலக்கூறு அதைக் கடக்கச் சராசரியாக ஒரு நிமிடம் ஆகும். அதே தூரத்தைக் காற்றில் கடக்க ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

பைகார்பனேட்டை அப்படியே ஒளிச்சேர்க்கையில் பயன்படுத்த முடியாதா?

முடியாது. கார்பனைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் பாதையின் முதல் நொதி ரூபிஸ்கோ. அது ஏற்றுக்கொள்வது கரியமில வாயுவை மட்டுமே. அதோடு அது மந்தமான நொதி, நொடிக்குச் சில மூலக்கூறுகளைத்தான் கையாளும். போதாததற்கு ஆக்சிஜனையும் கரியமில வாயு என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அப்படிப் பிடித்தால் ஏற்கெனவே சேர்த்த கார்பனில் கொஞ்சம் வீணாகும். காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாமலும் கரியமில வாயு மிகுந்தும் இருந்த காலத்தில் உருவான நொதி என்பதால் இந்தக் குறை அன்று தெரிந்திருக்காது.

இன்னொரு தடை செல் சவ்வு. கரியமில வாயு மின்னூட்டம் இல்லாதது, கொழுப்பாலான சவ்வில் எளிதாகப் புகுந்துவிடும். பைகார்பனேட் எதிர்மின் அயனி, யாராவது கதவைத் திறந்தால்தான் உள்ளே வரும். கார்பனேட் அயனி ஒளிச்சேர்க்கைக்கு நேரடியாகப் பயன்படுவதில்லை என்றே கொள்ளப்படுகிறது.

சரி, அப்புறம் பைகார்பனேட்டை எப்படித்தான் எடுக்கிறது?

மூன்று வழிகள் நன்றாக அறியப்பட்டவை. பல பாசிகள் ஒன்றுக்கு மேற்பட்டதை வைத்திருக்கும்.

மிகவும் பரவலானது, பைகார்பனேட்டை வெளியிலேயே வாயுவாக மாற்றிக்கொள்வது. இதற்கு கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி தேவை. துத்தநாகத்தை மையத்தில் கொண்ட இந்த நொதி, இயற்கையில் அறியப்பட்ட அதிவேக நொதிகளில் ஒன்று. மனித உடலில் உள்ள ஒரு வகை நொடிக்குப் பத்து லட்சம் மூலக்கூறுகள் வரை மாற்றும். பாசி இதைச் செல் சுவரில், சவ்வுக்கு வெளிப்புறத்தில் வைத்திருக்கிறது. சுவரை நெருங்கும் பைகார்பனேட் அங்கேயே கரியமில வாயுவாகி உள்ளே நழுவிவிடுகிறது. தானாக நடந்தால் ஒரு நிமிடம் ஆகும் வேலை கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது.

இரண்டாவது வழியில் சவ்வில் உள்ள ஒரு கடத்துப் புரதம் பைகார்பனேட்டை அயனியாகவே உள்ளே கொண்டுவருகிறது. நம் ரத்தச் சிவப்பணுவில் பைகார்பனேட்டையும் குளோரைடையும் மாற்றிக்கொள்ளும் புரதத்தைப் போன்றதே இது. கார்பானிக் அன்ஹைட்ரேஸும் முதலில் கண்டறியப்பட்டது ரத்தச் சிவப்பணுவில்தான், 1933-ல் மெல்ட்ரம், ரஃப்டன் இருவரும் அதைப் பிரித்தெடுத்தார்கள். திசுக்களில் உண்டாகும் கரியமில வாயுவை வெளியேற்ற நம் ரத்தம் எந்த இரண்டு கருவிகளைப் பயன்படுத்துகிறதோ, அவற்றை ஒத்த இரண்டைக் கொண்டுதான் கடற்பாசி அதை உள்ளே இழுக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இது. மேக்ரோசிஸ்டிஸ் என்ற பெரிய பழுப்புப் பாசி முக்கியமாக இந்தக் கடத்துப் புரதத்தையே நம்பியிருக்கிறது. உல்வா கொஞ்சம் தந்திரசாலி. சாதாரண நீரில் முதல் வழியோடு நிறுத்திக்கொள்ளும், பிஹெச் மிகவும் ஏறிய நீரில் சில மணி நேரம் இருந்த பிறகு இரண்டாவது வழியையும் இயக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனியை ஒரு பம்பு போல வெளியே தள்ளுவது. செல் சுவருக்குள் சிறுசிறு அமிலப் பகுதிகள் உருவாகின்றன. அமிலம் கூடினால் பைகார்பனேட் வாயுவை நோக்கிச் சாயும். சுவரில் உள்ள நொதி அதை விரைவுபடுத்தும். லாமினேரியா இனப் பழுப்புப் பாசிகளில் இது காட்டப்பட்டிருக்கிறது. ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் கவனிக்க: பிஹெச்சை நிலையாக வைக்க டிரிஸ் தாங்கல் கரைசலைச் சேர்த்தால் இந்த அமிலப் பகுதிகளும் கரைந்துபோகும். நீரின் பிஹெச் மாறாமலே ஒளிச்சேர்க்கை விழுவதைப் பார்க்கலாம்.

உள்ளே வந்த பிறகு என்ன நடக்கிறது?

செல்லுக்குள்ளும் பசுங்கணிகத்துக்குள்ளும் கார்பானிக் அன்ஹைட்ரேஸின் வேறு வகைகள் இருக்கின்றன. பைகார்பனேட் ரூபிஸ்கோவின் பக்கத்தில் வந்ததும் அவை அதை வாயுவாக்குகின்றன. சில பாசிகளில் ரூபிஸ்கோ மொத்தமும் பைரினாய்டு என்ற அடர்ந்த பகுதிக்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். வாயுவை அங்கே உருவாக்கினால் தப்பி ஓட வழி குறைவு. எல்லாப் பாசிகளிலும் பைரினாய்டு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ரூபிஸ்கோவைச் சுற்றி வெளியே இருப்பதைவிட அதிக கரியமில வாயுவைச் சேர்த்து வைக்கும் இந்த ஏற்பாடு முழுவதற்கும் கார்பன் செறிவூட்டும் பொறிமுறை என்று பெயர். சோளம், கரும்பு போன்றவற்றின் சி4 பாதைக்கும் நோக்கம் இதுவே, முறைதான் வேறு. உடோடியா என்ற பச்சைப் பாசியில் சி4-ஐ ஒத்த கூறுகள் தெரிந்திருக்கின்றன. அது விதிவிலக்கு.

எல்லாக் கடற்பாசிகளும் பைகார்பனேட்டை எடுக்குமா?

இல்லை. பெரும்பாலானவை எடுக்கும். ஆனால் சில சிவப்புப் பாசிகள் கரைந்த வாயுவை மட்டுமே நம்பி வாழ்கின்றன. டெலிசீரியா, லொமென்டேரியா ஆர்ட்டிகுலேட்டா ஆகியவை அடிக்கடி சொல்லப்படும் எடுத்துக்காட்டுகள். இவற்றில் பல நிழலான இடத்திலோ ஆழத்திலோ வளர்பவை. ஒளி குறைவான இடத்தில் ஒளிச்சேர்க்கையின் வேகத்தை ஒளியே கட்டுப்படுத்திவிடும். கார்பனுக்குத் தவிப்பு இருக்காது. பம்பு, கடத்துப் புரதம், நொதி இவற்றுக்கெல்லாம் ஆற்றல் செலவிடுவது அங்கே கட்டுபடியாகாது. சிவப்புப் பாசிகளின் ரூபிஸ்கோ கரியமில வாயுவை ஆக்சிஜனிலிருந்து நன்றாகப் பிரித்தறியும் வகை என்பதும் அவற்றுக்குக் கைகொடுக்கிறது.

ஒரு பாசி எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு துண்டுப் பாசியைக் கடல்நீர் நிறைந்த குப்பியில் காற்றுக் குமிழி இல்லாமல் மூடி வெளிச்சத்தில் வையுங்கள். பிஹெச்சை அவ்வப்போது அளந்து, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாசி கார்பனை எடுக்க எடுக்க பிஹெச் ஏறும். 9-ஐ எட்டும்போது நீரில் கரியமில வாயு லிட்டருக்கு 1 மைக்ரோமோலுக்கும் கீழே போய்விடும். வாயுவை மட்டும் நம்பும் பாசி அதற்கு முன்பே நின்றுவிடும். 9-ஐத் தாண்டி ஏறினால் பைகார்பனேட்டை எடுக்கிறது என்று பொருள். உல்வா 10-ஐயும் தாண்டும். அந்த நிலையில் குப்பியின் உட்புறத்தில் மெல்லிய வெள்ளைப் படலம் தெரியலாம், நீரிலிருந்து வீழ்படிந்த கார்பனேட் உப்புகள் அவை.

குப்பியில் துண்டைத் திணித்துவிடாதீர்கள். பாசி அதிகமானால் ஆக்சிஜன் வேகமாகக் கூடி, ஒளிச்சேர்க்கை அதனாலேயே தடுமாறும். முடிவைப் படிப்பது கஷ்டம்.

காய்ந்த மாதிரி மட்டும் கையில் இருந்தால் அதில் கார்பனின் கனமான வகையான கார்பன்-13 எவ்வளவு விகிதத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். ரூபிஸ்கோ கனமான கார்பனை ஒதுக்கும் குணம் உடையது. ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டு, ஆயிரத்துக்கு எவ்வளவு கூட அல்லது குறைவு என்று இதைச் சொல்வார்கள். அளவு ஆயிரத்துக்கு −30-க்கும் கீழே இருந்தால் அந்தப் பாசி பரவி வரும் வாயுவை மட்டும் எடுத்திருக்கிறது. −10-க்கு மேல் இருந்தால் பைகார்பனேட்டே முக்கிய மூலம். இடையில் உள்ளவை இரண்டையும் கலந்து எடுப்பவை, பெரும்பாலான பாசிகள் இங்கேதான் விழும்.

மூன்றில் எந்த வழி என்று தெரிய வேண்டுமானால், நொதியையோ கடத்துப் புரதத்தையோ முடக்கும் வேதிப்பொருள்களான தடுப்பான்களைப் பயன்படுத்தலாம். அசிட்டசோலமைடு, கிளாகோமாவுக்கும் மலையேற்றக் கோளாறுக்கும் கொடுக்கும் அதே மருந்து, சவ்வை எளிதில் கடக்காது. எனவே அது வெளி நொதியை மட்டும் முடக்கும். எத்தாக்சிசோலமைடு உள்ளே போய் உள் நொதியையும் முடக்கும். டிஐடிஎஸ் கடத்துப் புரதத்தை அடைக்கும். எதைச் சேர்த்தால் ஆக்சிஜன் வெளியீடு விழுகிறது என்பதிலிருந்து ஊகிக்கலாம். தடுப்பான் அளவு கூடினால் வேறு எதையாவது கெடுத்துவிடும் என்பதால், ஒரே ஒரு தடுப்பானை வைத்துச் சொல்லும் முடிவை நான் அதிகம் நம்புவதில்லை.

பாசி கார்பனை எடுத்தால் பிஹெச் ஏன் ஏற வேண்டும்?

பைகார்பனேட்டிலிருந்து கரியமில வாயுவை எடுத்தால் மீதம் ஹைட்ராக்சைடு. உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் அது கடைசியில் நீரைக் காரமாக்குகிறது, அல்லது அதற்குச் சமமாக ஒரு ஹைட்ரஜன் அயனி நீரிலிருந்து குறைகிறது. வெறும் வாயுவாக எடுத்தாலும் விளைவு இதுவே. பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் நண்பகலில் பிஹெச் 9-ஐத் தாண்டுவதும், இரவில் எல்லா உயிர்களும் சுவாசித்து அது மறுபடி இறங்குவதும் வழக்கமான காட்சி.

நீரோட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

முன்பு சொன்ன அசைவற்ற நீரடுக்கை நீரோட்டம் மெல்லியதாக்கும். அடுக்கு 0.5 மில்லிமீட்டரிலிருந்து 0.1-க்குக் குறைந்தால் கடக்கும் நேரம் ஒரு நிமிடத்திலிருந்து இரண்டு மூன்று விநாடிக்கு வந்துவிடும், ஏனென்றால் பரவும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அமைதியான விரிகுடாவில் வளரும் பெரிய பழுப்புப் பாசிகளின் இலைகள் அகலமாக, ஓரம் சுருள்சுருளாக இருப்பதைக் கவனிக்கலாம். மெதுவான நீரிலும் அவை படபடத்து அந்த அடுக்கைக் கலைக்கின்றன. அலை மோதும் இடத்தில் அதே இனத்தின் இலை குறுகித் தட்டையாக இருக்கும். அங்கே கார்பன் வரவு பற்றிய கவலை குறைவு, கிழியாமல் இருப்பதுதான் பிரச்சினை.

ஓதம் வடிந்து பாசி நீருக்கு வெளியே கிடக்கும்போது?

பைகார்பனேட் வரவு நின்றுவிடும், காற்றிலுள்ள வாயு மட்டும்தான். ஈரம் இருக்கும் வரை ஃபியூகஸ், பைரோபியா போன்ற ஓதப் பகுதிப் பாசிகள் காற்றிலும் நன்றாகவே ஒளிச்சேர்க்கை செய்யும். மேலே ஒட்டியிருக்கும் நீர்ப்படலம் கொஞ்சம் உலர்ந்ததும் வேகம் சற்று கூடுவதுகூட உண்டு, தடையாக இருந்த நீர் விலகுகிறது. மேலும் உலர்ந்தால் எல்லாம் நின்றுபோகும்.

சுண்ணாம்பு படியும் பாசிகள் கார்பனை இரண்டு முறை எடுக்கின்றனவா?

ஒரு வகையில் ஆம். ஹாலிமீடா என்ற பச்சைப் பாசியும், பவளப்பாசிகள் எனப்படும் சுண்ணாம்பு படிந்த சிவப்புப் பாசிகளும் பைகார்பனேட்டை ஒளிச்சேர்க்கைக்கும் பயன்படுத்துகின்றன, கால்சியம் கார்பனேட் ஓட்டுக்கும் பயன்படுத்துகின்றன. ஒரு கால்சியம் அயனியோடு இரண்டு பைகார்பனேட் சேர்ந்தால் ஒரு கால்சியம் கார்பனேட்டும் ஒரு கரியமில வாயுவும் ஒரு நீர் மூலக்கூறும் வரும். அந்த வாயு ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படக்கூடும். ஒளிச்சேர்க்கையோ பிஹெச்சை ஏற்றி, சுண்ணாம்பு படிவதை எளிதாக்குகிறது. ஹாலிமீடாவில் அரகோனைட் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம்) படிகங்கள் செல் இழைகளுக்கு இடையே உள்ள, வெளிநீரிலிருந்து ஏறக்குறைய மூடப்பட்ட இடைவெளியில் உருவாகின்றன.

பலர் தவறவிடுவது இது: சுண்ணாம்பு உருவாகும்போது கரியமில வாயு வெளிப்படுகிறது. ஓட்டில் உள்ள கார்பனை மட்டும் எண்ணி, இது காற்றிலிருந்து நீக்கப்பட்டது என்று கணக்கெழுதக் கூடாது.

இரவில் கார்பன் எடுப்பது நின்றுவிடுமா?

ஏறக்குறைய. சுவாசம் நடப்பதால் மொத்தத்தில் கரியமில வாயு வெளியேறும். பழுப்புப் பாசிகளில், குறிப்பாக வளரும் இளம் பகுதிகளில், ஒளி இல்லாமலே கொஞ்சம் கார்பனைப் பிடிக்கும் வேறொரு நொதிப் பாதை இருக்கிறது.

கடல் அமிலமானால் கடற்பாசிக்கு லாபம்தானே?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 இருந்த மேல்மட்டக் கடலின் பிஹெச் இன்று 8.1-க்கு வந்திருக்கிறது. கரைந்த வாயுவின் அளவு கூடுகிறது, பைகார்பனேட் சொற்பமாகத்தான் மாறுகிறது. வாயுவை மட்டும் நம்பும் பாசிகளுக்கு இது நேரடி வரவு. லொமென்டேரியா ஆர்ட்டிகுலேட்டா கூடுதல் கரியமில வாயுவில் வேகமாக வளர்வது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. பைகார்பனேட் எடுக்கும் திறனுள்ளவை ஏற்கெனவே நிறைவாகவே பெற்றுக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குக் கிடைக்கக்கூடியது ஆற்றல் மிச்சம். அதுவும் ஒளியும் நைட்ரஜனும் போதாவிட்டால் வளர்ச்சியாக மாறாது.

சுண்ணாம்புப் பாசிகளுக்கு நட்டம். இத்தாலியின் இஸ்கியா தீவருகே கடலடியிலிருந்து கரியமில வாயு குமிழ்களாக வெளிவரும் இடம் ஒன்று இருக்கிறது. 2008-ல் வெளியான ஆய்வில், பிஹெச் குறைந்த பகுதிகளில் பவளப்பாசிகள் அருகிப்போய், சுண்ணாம்பில்லாத பாசிகள் அவற்றின் இடத்தைப் பிடித்திருந்தது பதிவானது.

தொட்டியில் வளர்க்கிறேன். கார்பன் போதாமல் போகுமா?

நெருக்கமாக வளர்த்தால் போகும், அதுவும் ஒரே காலைப் பொழுதில். பிஹெச் மீட்டர்தான் உங்கள் வழிகாட்டி. நண்பகலில் 9-ஐ நெருங்கினால் கார்பன் தட்டுப்பாடு தொடங்கிவிட்டது. காற்றைக் குமிழவிடுவது இரண்டு வகையில் உதவும், வாயுவைக் கொஞ்சம் சேர்க்கும், நீரைக் கலக்கி அந்த அசைவற்ற அடுக்கை மெல்லியதாக்கும். இரண்டாவதுதான் பெரிய உதவி. அடர்ந்த தொட்டிக்குக் காற்று மட்டும் பெரும்பாலும் போதாது. பிஹெச் மீட்டருடன் இணைத்துக் கரியமில வாயுவைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவது வழக்கம். இரவில் அதை நிறுத்திவிட வேண்டும்.

சோடியம் பைகார்பனேட்டும் போடலாம். லிட்டருக்கு 84 மில்லிகிராம் போட்டால் 1 மில்லிமோல் கூடும், அதாவது இருக்கும் கார்பனில் பாதி. ஆனால் பிஹெச் ஏற்கெனவே ஏறிய நீரில் போட்டால் கால்சியம் கார்பனேட்டாக வீழ்படிந்து தொட்டிச் சுவரில் ஒட்டும். முதலில் பிஹெச்சை இறக்குங்கள், பிறகு போடுங்கள். நீரை மாற்ற முடிந்தால் இது எதுவுமே வேண்டாம், புதுக் கடல்நீரைவிட நல்ல கார்பன் மூலம் கிடையாது.

கடற்பாசி வளர்த்தால் காற்றில் உள்ள கரியமில வாயு குறையுமா?

பாசி எடுப்பது நீரில் உள்ள கார்பனை. நீரில் ஏற்பட்ட குறையைக் காற்று வந்து நிரப்பினால்தான் காற்றில் குறையும். பைகார்பனேட் சேமிப்பு அவ்வளவு பெரிது என்பதால் மேல்மட்ட நீர் காற்றோடு சமநிலைக்கு வர மாதக்கணக்கில், ஓர் ஆண்டு வரைகூட ஆகும். அதற்குள் அந்த நீர் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் கணக்கு தவறிப்போகும். எடுத்த கார்பனில் பெரும்பகுதி உண்ணப்பட்டோ அழுகியோ மறுபடி கரியமில வாயுவாகிவிடுகிறது.

2016-ல் கிராவுஸ்-ஜென்சன், டுவார்ட்டே என்ற ஆய்வாளர்கள் இருவரும் உலகக் கடற்பாசிகள் ஆண்டுக்குச் சுமார் 152 கோடி டன் கார்பனை நிலைப்படுத்துவதாகவும், அதில் சுமார் 17 கோடி டன், அதாவது 11 சதவீதம், ஆழ்கடலிலும் படிவுகளிலும் போய்ச் சேர்வதாகவும் மதிப்பிட்டார்கள். அவர்களே கொடுத்த வரம்பு 6 கோடியிலிருந்து 27 கோடி டன் வரை. இந்த அகலத்தைச் சொல்லாமல் நடு எண்ணை மட்டும் எடுத்து விளம்பரத்தில் போடுபவர்களிடம், அறுவடை செய்த பாசி அடுத்து எங்கே போகிறது என்று கேளுங்கள். உணவாகவோ தீவனமாகவோ போனால் அந்தக் கார்பன் சில மாதங்களில் காற்றுக்குத் திரும்பிவிடும்.